கண் சிமிட்டும் ஆந்தையின் கடை: கூஷ்-தார் பற்றிய ஒரு மதிப்பீடு

கனடாவின் மொன்றியல் நகரில் வாழ்கிறவர்கள் நாள்தோறும் கடந்து போகிற, அப்படிக் கடந்து போவதாலேயே நின்று பார்க்காத கடை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தெருமுனையில் ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஆந்தையின் படம் தெரிந்தால் அது கூஷ்-தார் கடை. பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்கு 'நேரம் கழித்து உறங்கப் போகிறவர்' என்று பொருள். ஊர் அடங்கிய பின்னும் விளக்கெரியும் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. கடந்த பனிக்காலத்தில், நவம்பர் தொடங்கி மார்ச் வரை, மொன்றியலில் இரண்டு கிளைகளுக்கும் லவால் நகரில் ஒரு கிளைக்கும் விடிகாலை, நண்பகல், நள்ளிரவு என வெவ்வேறு வேளைகளில் போய், பொருள் வாங்கி, குறிப்பெடுத்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று உலகெங்கும் 16,000க்கு மேற்பட்ட கடைகளை வைத்திருக்கும் இந்த நிறுவனத்தின் நிறுவனர்களுள் முதன்மையானவரான அலேன் புஷார், ஒரு சிறு கடையில் இறாக்கைகளில் பொருள் அடுக்கும் வேலையிலிருந்து தொடங்கியவர். பெருமுதலாளி ஒருவர் ஒரு காலத்தில் கடை ஊழியராக இருந்தார் என்பது கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் அந்தப் பழைய அனுபவம் இன்று கடைக்குள் நுழைகிறவருக்கு ஏதாவது பயன் தருகிறதா, கதவுக்கும் காசாளர் மேசைக்கும் இடையிலான அந்த இரண்டு நிமிடங்களில் அது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நான் அறிய விரும்பினேன். தெரிகிறது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களையும், அந்த முடிவுக்குள் எனக்கு இருக்கும் தயக்கங்களையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கடை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மொன்றியல் அமைந்திருக்கும் கியூபெக் மாகாணத்தில் தெருமுனைச் சிறு கடையை 'தெபானேர்' என்று அழைக்கிறார்கள். வண்டி பழுதாகி நடுவழியில் நிற்கிறவருக்கு உதவுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. இக்கட்டில் கைகொடுப்பவர் என்று தமிழில் சொல்லலாம். பால் தீர்ந்துவிட்டது, மின்கலம் செயலிழந்துவிட்டது, எதிர்பாராமல் விருந்தாளி வந்துவிட்டார் என்ற வேளைகளில் ஓடிப்போகும் இடம். கியூபெக்கில் பெரிய அங்காடிகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவுகளிலும் திறந்திருப்பதைச் சட்டம் நீண்ட காலம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது; ஞாயிறு வணிகம் தாராளமாக அனுமதிக்கப்பட்டது 1992இன் இறுதியில்தான். அந்தக் கட்டுப்பாடு சிறு கடைகளுக்கு ஒரு வேலிபோல அமைந்தது. 1978 முதல் மளிகைக் கடைகளிலும் தெபானேர்களிலும் வைன் விற்கலாம் என்றானது. பியரும் வைனும் பாலும் ஒரே கூரையின் கீழ், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், மற்றக் கடைகள் மூடிய பிறகும் கிடைத்தன. புஷாரின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் இந்தச் சட்டப் பின்னணியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவருடைய உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் உழுதவரைப் புகழும்போது மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனிக் கடைக்குள் போகலாம். வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே 20 பாகை என்று இருக்கும் ஓர் இரவில் உள்ளே நுழைகிறவர் முதலில் உணர்வது வெளிச்சத்தை. நிழல் விழும் மூலை என்று ஒன்றும் இல்லாமல் கடை முழுவதும் ஒரே அளவான ஒளி பரவியிருக்கிறது. இறாக்கைகள் மார்பளவு உயரத்தைத் தாண்டாததால், காசாளர் மேசையிலிருந்து கடையின் கடைசிச் சுவர் வரை பார்வை தடையின்றிப் போகிறது; அதேபோல வாடிக்கையாளரும் எந்த இடத்தில் நின்றாலும் ஊழியரைப் பார்க்க முடிகிறது. நள்ளிரவில் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கும், நள்ளிரவில் தனியாக வேலை செய்யும் ஓர் இளைஞருக்கும் இந்த இரு வழிப் பார்வை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை, அப்படியொரு வேலையைச் செய்து பார்த்தவர்களே முழுமையாக உணர்வார்கள்.

பாலும் பியரும் மென்பானங்களும் கடையின் பின்சுவரை ஒட்டிய கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. இத்தகைய கடைகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். அதிகம் தேடப்படும் பொருள் கடைசியில் இருந்தால், அதை நோக்கி நடப்பவர் வழியில் மற்றவற்றையும் பார்ப்பார் என்பது பழைய வணிகக் கணக்கு. ஆனால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அந்தக் கண்ணாடிச் சுவரின் பின்னால் ஒரு குளிரறை உண்டு. ஊழியர் அந்த அறைக்குள் நின்று பின்பக்கமாகப் பொருளை நிரப்புகிறார். சாய்வான தட்டுகளில் புட்டிகள் தாமாகவே முன்னே நகர்கின்றன. பழைய பொருள் முன்னாலும் புதிய பொருள் பின்னாலும் அமைந்துவிடுவதால், திகதி கடந்த பால் முன்வரிசையின் பின்னால் மறைந்து கிடக்க வழியில்லை. நான் போன மூன்று கிளைகளிலும் ஒவ்வொரு முறையும் பால் பெட்டிகளின் திகதியைப் பார்த்தேன். ஒருமுறைகூட ஏமாற்றம் ஏற்படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தெருமுனைக் கடையில், பெயர் சொல்ல விரும்பவில்லை, மூன்று நாள் கடந்த பாலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கடையில் பாலை முன்பக்கத்திலிருந்தே அடுக்கினார்கள். பொருள் அடுக்குவது ஒரு கலை என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

பாலைப் பற்றிப் பேசும்போது பயனுள்ள ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். தெபானேரில் எல்லாமே விலை அதிகம் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் கியூபெக்கில் சாதாரணப் பாலின் சில்லறை விலைக்குக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் அரசின் வேளாண் சந்தை ஒழுங்கமைப்பு ஆணையமே வகுக்கிறது. ஆகையால் ஒரு பெட்டி பாலுக்காக மட்டும் இரவில் காரை எடுத்துக்கொண்டு பெரிய அங்காடியைத் தேடிப் போவதில் மிச்சம் அதிகமில்லை. மாறாக, சவர்க்காரம், தானிய உணவு, தகரத்தில் அடைத்த பொருட்கள் போன்றவற்றை இத்தகைய கடைகளில் வாங்குகிறவர் வசதிக்கான கூலியையும் சேர்த்தே கொடுக்கிறார். அந்தக் கூலியை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். விடியும்வரை ஒருவர் விழித்திருப்பதற்கும், விளக்கும் வெப்பமும் அணையாதிருப்பதற்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துத்தானே ஆக வேண்டும். ஆனால் வாராந்தச் சாமானை இங்கே வாங்கும் பழக்கம் ஒரு குடும்பத்தின் வரவு செலவைச் சத்தமில்லாமல் அரித்துவிடும் என்பதை, புதிதாகக் குடியேறி, கார் இல்லாமல், கடும் குளிரில் அருகிலுள்ள கடையையே நம்பியிருக்கும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைச் சீட்டு விடயத்திலும் கியூபெக் வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஒவ்வொரு பொருளிலும் விலையை ஒட்டாமல் இறாக்கையில் மட்டும் விலையைக் காட்டுகிற கடை, கணக்கிடும் கருவியில் அதைவிடக் கூடிய விலை வந்தால், மலிவான பொருளாக இருக்கும்பட்சத்தில் அதை இலவசமாகவே கொடுத்துவிட வேண்டும். இதை அறிந்துதான் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டைச் சரிபார்த்தேன். ஒரு தடவையும் வேறுபாடு வரவில்லை. பெரிய நிறுவனம் என்பதால் வரும் ஒழுங்கு இது. தனியொருவரின் சிறு கடையில் இதே ஒழுங்கை எதிர்பார்ப்பது கடினம்.

காசாளர் மேசைக்குப் பின்னால் சிகரெட் அடுக்குகள் மூடிய கதவுகளுக்குள் இருக்கின்றன. 2008 முதல் கியூபெக்கில் புகையிலைப் பொருட்களை வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது. பக்கத்தில் அரசு லொத்தர் இயந்திரம். அதற்கு அப்பால் கோப்பி இயந்திரங்களும், 'ஸ்லோஷ்' என்ற பனிக்கூழ்ப் பானத்தின் சுழலும் பீப்பாய்களும். ஸ்லோஷ் இந்த நிறுவனத்தின் சொந்தப் பெயர். கியூபெக்கில் வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால் அதன் கண்ணைப் பறிக்கும் நிறங்களையும், வேண்டுமென்றே முகம் சுளிக்க வைக்கும் பெயர்களையும் வரிசையாகச் சொல்வார்கள். எனக்கு அது தாங்க முடியாத இனிப்பு. ஆனால் அது எனக்காகச் செய்யப்பட்டதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோப்பி நன்றாக இருந்தது. ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைப் புதிதாக அரைக்கும் இயந்திரம். விடிகாலையில் பனி அகற்றும் வாகன ஓட்டுநர்கள் கையுறையைக் கழற்றாமலே பொத்தானை அழுத்திக் கோப்பையை எடுத்துப் போவதைப் பார்த்தேன். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தும் நான் மூன்று நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டேன். லவால் கிளையில் இருந்த ஊழியர், பிரெஞ்சு இன்னும் வசப்படாத ஒரு முதியவருக்குக் கைச்சைகையாலும் புன்னகையாலும் பேருந்துக் கட்டண அட்டையைப் பற்றி விளக்கிக்கொண்டே, மறு கையால் அடுத்தவரின் பொருளைக் கணக்கிட்டார். அந்தப் பொறுமையை எந்தப் பயிற்சிக் கையேடும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

இந்தக் கடையை உருவாக்கியவரின் கதைக்கு இப்போது வருகிறேன். அலேன் புஷார் 1949இல் கியூபெக்கின் வடபகுதியிலுள்ள ஷிகூத்திமியில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே தந்தையின் தொழில் நொடித்துப்போய், குடும்பம் வசதியான வாழ்க்கையிலிருந்து ஒரேயடியாகக் கீழே விழுந்தது. பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பத்தொன்பது வயதளவில், சகோதரர் நடத்திய 'பெரெத்' கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளராகிப் புதிய கிளைகளைத் திறக்கும் பணியில் ஈடுபட்டார். அடுத்து, ப்ரோவிகோ என்ற மளிகைப் பெருநிறுவனம் தொடங்கிய 'ப்ரோவி-சுவார்' தெபானேர்த் தொடரின் விரிவாக்கத்தில் பங்கெடுத்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் பிறருடைய கடைகளைத் திறந்து கொடுத்த அனுபவத்துக்குப் பிறகே, 1980இல் லவாலில் தம் நிறுவனத்தின் முதல் கடையைத் திறந்தார்.

இந்தப் பத்தாண்டுகள்தான் எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் கருத்தைக் கவரும் பகுதி. தன் முயற்சியால் உயர்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது, வறுமையிலிருந்து நேராக வெற்றிக்குத் தாவிவிடுவது வழக்கமாகிவிட்டது. நடுவில் இருக்கும் நீண்ட பயிற்சிக் காலம் சுவையில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள். எந்தத் தெருமுனையில் மாலை நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், எந்தப் பக்கத்தில் வாகனம் திரும்ப முடியும், ஒரு வாரத்தில் எத்தனை பெட்டி பால் மிஞ்சினால் இலாபம் கரையும், எந்த ஊழியரிடம் சாவியைக் கொடுக்கலாம் என்பவற்றை ஒருவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வேறொருவரின் பணத்தில், வேறொருவரின் கடையில், நூறு தடவை பார்த்துத்தான் அவை கைவசமாகும். புஷாரின் மூலதனம் அதுவே. கனடாவில் சிறு கடை வாங்கும் எண்ணத்தோடு சேமித்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் பலரை நான் அறிவேன். ஒரு கடையை வாங்குவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அதே போன்ற கடையில் இரவு வேலை செய்யுங்கள் என்று அவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையை வைத்துத்தான்.

ஆந்தைச் சின்னமும் கூஷ்-தார் என்ற பெயரும்கூட அவர் உருவாக்கியவை அல்ல. 1985இல் கியூபெக் நகரப் பகுதியிலிருந்த 11 கடைகளை வாங்கியபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. அதன்பின் நடந்தது பெரும்பாலும் பிறர் கட்டிய கடைகளை வாங்கிய வரலாறு. ஒரு காலத்தில் அவர் ஊழியராக இருந்த பெரெத் கடைகள் 1990களில் அவர் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1997இல் ப்ரோவி-சுவாரும் வந்தது. 1999இல் சில்கோர்ப் நிறுவனத்தை வாங்கியதால் ஒன்ராறியோவிலும் மேற்குக் கனடாவிலும் இருந்த மாக்ஸ், பெக்கர்ஸ் உள்ளிட்ட ஏறத்தாழ 980 கடைகள் சேர்ந்தன. 2001இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 2003இல் சேர்க்கிள் கே வந்தது.

சேர்க்கிள் கேயைப் பற்றிச் சில வரிகள் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1951இல் டெக்சாசின் எல் பாசோ நகரில் ஃப்ரெட் ஹெர்வி என்பவர் மூன்று சிறு கடைகளை வாங்கித் தொடங்கிய தொடர் அது. அமெரிக்காவின் மிகப் பெரிய தொடர்களில் ஒன்றாக வளர்ந்து, அளவுக்கு மீறிக் கடன்பட்டு, 1990இல் நீதிமன்றத்தின் திவால் பாதுகாப்பை நாடியது. 1996 முதல் எண்ணெய் நிறுவனங்களின் கைகளில் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. பெற்றோல் விற்பதை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கடை என்பது பக்கத்தில் ஒட்டிய ஓர் அறை. 800 மில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டிய விலையில் கூஷ்-தார் அதை வாங்கியபோது, கடையையே முதன்மைத் தொழிலாகக் கருதிய ஒருவரின் கைக்கு அது மீண்டும் வந்து சேர்ந்தது. 2012இல் நோர்வேயின் ஸ்டாட்ஒயில் எண்ணெய் நிறுவனத்தின் சில்லறைப் பிரிவை 2.8 பில்லியன் டொலருக்கு வாங்கியதும் இதே பார்வையின் தொடர்ச்சிதான். ஸ்கண்டிநேவியா, போலந்து, பால்டிக் நாடுகள், ரஷ்யா என்று எட்டு நாடுகளின் எரிபொருள் நிலையங்கள் அதனால் கிடைத்தன. 2015 முதல் உலகெங்கும் சேர்க்கிள் கே என்ற ஒரே பெயர் என்று முடிவானது. கியூபெக்கில் மட்டும் ஆந்தை தன் இடத்தை விட்டு அசையவில்லை. பிரெஞ்சு மொழியை உயிராகப் போற்றும் ஒரு மாகாணத்தில் அந்தப் பெயரை மாற்றாதது அறிவான செயல் என்பதோடு, மரியாதையான செயலும்கூட.

வாங்குவது எளிது, வாங்கியதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் அரிது. இங்கே அந்தப் பழைய கடை ஊழியரின் மனம் தெளிவாகத் தெரிகிறது. நிறுவனத்தின் தலைமையகம் லவாலில் இருந்தாலும், ஒவ்வொரு பிரதேசமும் தனி அலகாக, தனக்கென்று ஒரு தலைவருடன் இயங்குகிறது. எந்தத் தெருவில் எந்தப் பொருள் விற்கும் என்ற முடிவு அந்தத் தெருவுக்கு அருகிலேயே எடுக்கப்படுகிறது. நான் போன இரண்டு மொன்றியல் கிளைகளும் இதற்கு நல்ல சான்று. ஒன்று மாணவர்கள் நிறைந்த பகுதியில் இருப்பது. அங்கே உடனடி நூடில்ஸும் சக்தி பானங்களும் முன்வரிசையில் நிற்கின்றன. மற்றொன்று முதியோர் அதிகம் வாழும் பகுதியில் இருப்பது. அங்கே நாளிதழ்களுக்கும் சிறிய அளவிலான ரொட்டிப் பொதிகளுக்கும் நல்ல இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே பெயர்ப் பலகைதான்; ஆயினும் உள்ளே இரண்டு வேறு ஊர்கள்.

'தனி மனிதரின் சாதனை' என்று இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கூஷ்-தாரைக் கட்டியவர்கள் நான்கு பேர். ஜாக் தமூர் தொடக்க காலம் முதல் உடனிருந்தவர். வங்கித் துறையிலிருந்து வந்த ரிஷார் ஃபோர்த்தான் நிதியைப் பார்த்தார். பொறியியலாளரான ரேயால் ப்ளூர்த் செயற்பாடுகளைக் கவனித்தார். ஒவ்வொரு பெரிய வாங்கலுக்கும் கடன் எடுத்து, அதைப் பெருமளவு குறைத்த பின்னரே அடுத்ததற்குப் போகும் அவர்களின் ஒழுக்கம், சேர்க்கிள் கேயின் பழைய உரிமையாளர்களிடம் இல்லாமற் போனது. நால்வரும் பல ஆண்டுகள் சண்டையின்றி ஒன்றாக நின்றது, என்னைக் கேட்டால், 16,000 கடைகளைவிட வியப்பான செய்தி. அவர்களுக்குக் கூடுதல் வாக்குரிமை தந்த சிறப்புப் பங்குகள், நால்வரில் இளையவர் 65 வயதை எட்டியதும், 2021இல் சாதாரணப் பங்குகளாக மாறின. அதை நீட்டிக்க முன்னர் எடுத்த முயற்சிக்கு மற்றப் பங்குதாரர்களின் ஆதரவு கிடைக்கவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மனத்தாங்கல் தரும் பக்கம் ஒன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த மதிப்பீட்டை எழுதுவது நேர்மையாகாது. 2011இல் மொன்றியலில் சில கிளைகளின் ஊழியர்கள் தொழிற்சங்கமாக அணிதிரண்ட காலத்தில், அவற்றுள் சில கடைகள் மூடப்பட்டன. இலாபமில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. வழக்குகளுக்குப் பின் 2013இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. இறாக்கையில் பொருள் அடுக்கிய ஒருவர் தலைமை வகித்த நிறுவனத்தில், அதே வேலையைச் செய்தவர்கள் கூட்டாகக் குரல் எழுப்பியபோது அவர்களுக்குக் கிடைத்த பதில் இதைவிடப் பெருந்தன்மையாக இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அடித்தளத்திலிருந்து வந்தவர் அடித்தளத்தின் வலியை என்றும் மறக்கமாட்டார் என்பது நாம் விரும்பி நம்பும் ஒன்று. சில வேளைகளில், நானே தாங்கிக்கொண்டேனே, அவர்களால் ஏன் முடியாது என்ற எண்ணமும் அதே அனுபவத்திலிருந்து பிறக்கக்கூடும்.

வாங்க முடியாமற் போனவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010இல் அமெரிக்காவின் கேசீஸ் என்ற கடைத்தொடர் நிறுவனம் இணங்கவில்லை. 2021 ஜனவரியில் பிரான்சின் பேரங்காடி நிறுவனமான கார்ஃபூரை வாங்க முன்வைத்த 16 பில்லியன் யூரோ அளவிலான திட்டத்தை, நாட்டின் உணவுப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பிரெஞ்சு அரசு சில நாட்களிலேயே நிறுத்திவிட்டது. 2024இல் ஜப்பானின் செவன் அன்ட் ஐ நிறுவனத்தை, அதாவது 7-இலெவன் கடைகளின் உரிமையாளரை, வாங்க விலை கூறியது. ஓராண்டு இழுபறிக்குப் பின் 2025 ஜூலையில் அதிலிருந்து விலகிக்கொண்டது. ஜப்பானில் அந்தக் கடை என்பது வங்கி, அஞ்சல், உணவகம், பேரிடர் கால உதவி மையம் எல்லாம் சேர்ந்த ஒரு பொது நிறுவனம் போன்றது. வெளிநாட்டவர் ஒருவர் அதற்கு விலை கூறியபோது அங்கே எழுந்த கலக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பாலும் ரொட்டியும் விற்கும் இடம் வெறும் கடை மட்டுமன்று என்பதைத் தெபானேர் என்ற சொல்லையே வைத்திருக்கும் கியூபெக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

புஷார் 2014இல் தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி வேறு. சிகரெட் விற்பனை குறைந்துகொண்டே போகிறது; மின்வாகனம் பெருகினால் பெற்றோலுக்காக நிற்கும் வாடிக்கையாளரும் குறைவார். புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை மின்கார்களாகிவிட்ட நோர்வேயில், இந்த நிறுவனத்தின் நிலையங்களே அதற்கான ஆய்வுகூடமாக இயங்குகின்றன. பெற்றோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். மின்னேற்றத்துக்கு இருபது நிமிடமாவது வேண்டும். இரண்டு நிமிடக் கடையாகவே வளர்ந்த ஒன்று, இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கப்போகிறது? சூடான உணவில்தான் விடை இருப்பதாக நிறுவனம் கருதுவது கிளைகளில் தெரிகிறது. இந்தப் பகுதியை மட்டும் நான் இப்போதைக்கு மதிப்பிடாமல் விடுகிறேன். மூன்று கிளைகளிலும் உணவுப் பகுதி மூன்று விதமாக இருந்தது. இன்னும் வடிவம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் புள்ளி போடுவது சரியாகாது.

யாருக்கு இந்தக் கடையைப் பரிந்துரைப்பேன் என்றால், இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும், விடியும் முன் கோப்பி தேவைப்படுகிறவர்களுக்கும், பிள்ளைக்குப் பால் தீர்ந்துவிட்ட வீட்டினருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வெளிச்சம், துப்புரவு, பொருளின் புதுமை, கணக்கின் நேர்மை ஆகிய நான்கிலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாராந்தச் சாமானுக்குப் போக வேண்டாம். உங்கள் தெருவில் தனியொருவர் நடத்தும் நல்ல தெபானேர் இருந்தால், முதலில் அங்கே போங்கள். அவருக்கு ஆந்தையின் பலம் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: கடை விடிய விடியத் திறந்திருந்தாலும், கியூபெக் சட்டப்படி இரவு 11 மணிக்குப் பிறகு பியரும் வைனும் கொடுக்கமாட்டார்கள். அதற்காக ஊழியரோடு வாதாடாதீர்கள். பால் எந்நேரமும் கிடைக்கும்.